வீட்டுக்குப் போன இரகசியம்

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே இலட்சக்கணக்கான குடும்பங்களுக்குக் கண்ணிற் காணமுடியாத ஒரு சொத்து உண்டு. அதனை விலைக்கு வாங்க முடியாது. ஈடு வைக்க முடியாது. பிள்ளைகளுக்கு முதுசமாக எழுதிவைக்கவும் முடியாது. ஆனால், அது கைவிட்டுப் போனால் வீட்டுக்காரருக்கு உத்தியோகம் இல்லை. பல வேளைகளில் அதே தொழிலில் வேறோர் உத்தியோகம் தேடிக்கொள்ளவும் வழி இல்லை. அரசாங்கத்தின் இரகசியங்களைப் பார்ப்பதற்கு ஒருவருக்கு அளிக்கப்படும் அனுமதியே அந்தச் சொத்து. பாதுகாப்பு அனுமதி என்று அதனை நாம் சொல்லலாம்.

இந்த அனுமதி எவ்வாறு கிடைக்கிறது, எவ்வாறு பறிபோகிறது என்பதை அறிந்துகொள்வது நம் மாணவர்களுக்கு உபயோகமாகும். கணனியின் முன்னே அமர்ந்து சம்பளம் பெறும் காலம் இது. காரியாலயக் கணனியிலே செய்த காரியத்துக்காக வாழ்நாள் முழுவதும் ஈட்டிய நற்பெயரை இழந்தவர்கள் அந்நாட்டில் இருக்கிறார்கள். அவர்களுள்ளே பெயர் தெரியாத சாதாரண ஊழியரும் உண்டு. இரகசியங்களுக்கெல்லாம் காவலாக வைக்கப்பட்ட தலைவர் ஒருவரும் உண்டு.

உரிமையன்று

அமெரிக்க அரசாங்கம் தன் இரகசியங்களை மூன்று படிகளாக வகுத்திருக்கிறது. அந்தரங்கம், இரகசியம், அதி இரகசியம் என்று அவற்றைத் தமிழிற் கூறலாம். ஒவ்வொரு படிக்கும் தக்கபடி சோதனை கடுமையாகும். விண்ணப்பகாரர் நீண்டதொரு படிவத்தை நிரப்பவேண்டும். எந்தெந்த வீட்டிலே குடியிருந்தார், எவரிடம் வேலை செய்தார், கடன் எவ்வளவு, பிறநாட்டிலே உறவினர் யார், மதுப்பழக்கம் உண்டா என்றெல்லாம் அதிலே கேள்விகள் வரும். அதன்பின் விசாரணை உத்தியோகத்தர் அயலாரின் கதவைத் தட்டி, ‘இவர் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்பார். கலியாணப் பேச்சுக் காலத்திலே மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி நம் ஊரிலே விசாரிப்பதுண்டல்லவா? அதைக் காட்டிலும் இது நுணுக்கமானது.

இவ்வனுமதி ஒற்றர்களுக்கு மாத்திரம் உரியது என்று எண்ணிவிடலாகாது. கப்பற்றளத் தொழிலாளி, மொழிபெயர்ப்பாளர், கணனி பழுதுபார்ப்பவர், கட்டடம் துப்புரவு செய்பவர் எனப் பலவகைப்பட்டோர் இதனைப் பெற்றிருக்கிறார்கள். 2013ஆம் ஆண்டிலே அமெரிக்க அரசாங்கம் வெளியிட்ட கணக்கின்படி, அனுமதிக்குத் தகுதிபெற்றிருந்தோரின் தொகை ஐம்பது இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

இத்தனை பேருடைய பிழைப்பும் இதிலே தங்கியிருந்தபோதிலும், இது எவருக்கும் உரிமையன்று. 1988ஆம் ஆண்டில், நீர்மூழ்கிக் கப்பல்கள் பழுதுபார்க்கும் கடற்படைத் தளமொன்றிலே வேலைசெய்த ஈகன் என்பவரின் வழக்கிலே அமெரிக்க உயர் நீதிமன்றம் இதனைத் தெளிவாகக் கூறிற்று. பாதுகாப்பு அனுமதி பெறுவதற்கு எவருக்கும் உரிமை இல்லை. கொடுப்பதும் மறுப்பதும் நிருவாகத்தின் தீர்ப்பு என்பதே அதன் சாரம். சாதாரண வழக்கொன்றிலே ஐயத்தின் பயன் எதிரிக்குக் கிடைக்கும். இங்கேயோ, ஐயம் எழுந்தால் அது நாட்டின் பாதுகாப்புப் பக்கமே தீர்க்கப்படும். ஒருவன் குற்றவாளி என்று நிரூபிக்கத் தேவையில்லை. அவனை நம்பலாமா என்ற கேள்விக்குத் திடமான விடை கிடைக்காவிட்டாலே போதும்.

அணுகுண்டின் தந்தை எனப்பட்ட ஒப்பன்ஹைமருடைய அனுமதி 1954ஆம் ஆண்டிலே பறிக்கப்பட்டதை வாசகர்கள் அறிந்திருப்பர். அந்தத் தீர்மானம் செல்லாது என்று அமெரிக்க அரசாங்கம் 2022ஆம் ஆண்டு டிசம்பரிலேதான் அறிவித்தது. அவர் இறந்து அப்போது ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

பதின்மூன்றாவது தலைப்பு

ஒருவருக்கு அனுமதி கொடுக்கலாமா, கொடுத்ததைப் பறிக்கலாமா என்று தீர்மானிப்பதற்குப் பதின்மூன்று தலைப்புக்கள் உள்ளன. நாட்டுப்பற்று, பிறநாட்டுத் தொடர்பு, கடன், மது, போதைப்பொருள், குற்றச்செயல் என்று அவை செல்கின்றன. ஆங்கில நெடுங்கணக்கின் வரிசையிலே பதின்மூன்றாவதாகிய ‘எம்’ என்ற தலைப்புத்தான் கணனி சம்பந்தமானது. அனுமதியின்றி ஒரு கணனி முறைமைக்குள் நுழைதல், அதிலுள்ளவற்றை மாற்றுதல் அல்லது அழித்தல், இரகசியத்தை அதற்கென வகுக்கப்படாத கணனியிலே வைத்தல், விதிக்கு மாறாக மென்பொருளையோ கருவியையோ இணைத்தல் ஆகியன இதிலே அடங்கும். கவனக்குறைவும் குற்றமே, எச்சரித்த பின்பும் தொடர்ந்த கவனக்குறைவு இன்னும் பெரிய குற்றம்.

தணிப்புக் காரணங்களும் எழுதப்பட்டிருக்கின்றன. சம்பவம் நடந்து நெடுங்காலம் ஆகியிருந்தாலோ, அற்பமானதாயும் வேலையை விரைந்து முடிக்கும் நோக்கத்தோடு செய்ததாயும் இருந்தாலோ, அறியாமற் செய்து உடனே மேலதிகாரிக்குத் தெரிவித்திருந்தாலோ மன்னிக்க இடமுண்டு. இந்தக் கடைசி விதியை நாம் இரண்டு தடவை வாசித்தோம். தவறு செய்தவர் தாமாகவே போய்ச் சொல்வதற்கும், பிறர் கண்டுபிடிக்கும்வரை மறைத்திருப்பதற்கும் இடையே அவ்விதி பெரியதொரு வேற்றுமையைக் காண்கிறது.

அரசாங்கத்துக்கு ஒப்பந்த வேலை செய்யும் கம்பனிகளின் ஊழியர்மீது குறை கண்டால், முதலிலே காரணங்களை எழுதி அவரிடம் கொடுப்பார்கள். அவர் எழுத்திலே விடையளிக்கலாம். நிருவாக நீதிபதி ஒருவரின் முன் விசாரணையும் கேட்கலாம். தோற்றால் மேன்முறையீட்டுச் சபைக்குப் போகலாம். இந்தத் தீர்ப்புக்கள் பெயர் நீக்கப்பட்டு வெளியிடப்படுகின்றன. வாசிக்கும்போது மனம் கனக்கிறது. நாட்டைக் காட்டிக்கொடுத்தோர் கதைகள் அல்ல அவை. காரியாலயக் கணனியிலே கூடாத படங்களைப் பார்த்தவர், வேறொருவருடைய கடவுச்சொல்லைப் பயன்படுத்தியவர், வேலையை விட்டு விலகும்போது கோப்புக்களைப் பிரதிசெய்து கொண்டுபோனவர் போன்றோரே அங்கே வந்து நிற்கிறார்கள். பக்கத்தில் நிற்பது பல வேளைகளில் மனைவியும் மேற்பார்வையாளரும் எழுதிக்கொடுத்த நற்சான்றுக் கடிதங்களே.

விதி மிகக் கடுமையானது என்று சொல்வோருக்கு மறுமொழியாக ஒரு சம்பவத்தைக் காட்டலாம். மசாச்சுசெட்ஸ் விமானத் தேசியக் காவற்படையிலே கணனி முறைமைகளைப் பராமரித்த ஜாக் டெஷேரா என்ற வாலிபர், தமக்கு வேலையில்லாத இரகசியங்களை வாசித்துக் குறிப்பெடுத்ததை 2022ஆம் ஆண்டிலேயே மேலதிகாரிகள் கண்டார்கள், நிறுத்தும்படி சொன்னார்கள், அனுமதியைப் பறிக்கவில்லை. இணையத்திலே நண்பர் குழுவொன்றுக்குப் பெருமை காட்டுவதற்காக அவர் இரகசியங்களை வெளியிட்டது அதன்பின் அம்பலமாகி, 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தமது இருபத்தோராவது வயதிலே கைதானார். 2024ஆம் ஆண்டு நவம்பரிலே அவருக்குப் பதினைந்து வருடச் சிறை விதிக்கப்பட்டது. நேரத்தோடு அனுமதியைப் பறித்திருந்தால் அவரும் தப்பியிருப்பார் என்றே நாம் நினைக்கிறோம்.

அரட்டைக்காரர் நூற்றறுபது பேர்

இனி, சி.ஐ.ஏ. எனப்படும் மத்திய புலனாய்வு முகவரகத்துக்கு வருவோம். 2000ஆம் ஆண்டு நவம்பரிலே அங்கிருந்து ஒரு விநோதமான செய்தி வெளிவந்தது. முகவரகத்தின் இரகசியக் கணனி வலைப்பின்னலுக்குள்ளேயே ஊழியர் சிலர் தமக்கென ஓர் அரட்டை அறையை மறைவாக அமைத்து, 1980களின் நடுப்பகுதியிலிருந்து நடத்தி வந்திருந்தார்கள். உலகத்து இரகசியங்களையெல்லாம் துருவிப் பார்ப்போருக்குத் தங்கள் கூரையின் கீழே இருந்த இரகசியம் பல வருடங்கள் தெரியாமற் போயிற்று!

அதிலே பரிமாறப்பட்டவை பகிடிகளும் வம்புப் பேச்சுக்களும். பிறநாட்டாருக்குத் தகவல் கொடுத்ததாக எவர்மீதும் குற்றஞ்சாட்டப்படவில்லை. எனினும் ஏறக்குறைய நூற்றறுபது பேர் விசாரணைக்கு உள்ளானார்கள். நால்வர் அனுமதியையும் உத்தியோகத்தையும் ஒருங்கே இழந்தார்கள். பதினெட்டுப் பேருக்குக் கண்டனக் கடிதம் கிடைத்தது. வேறு பலர் எச்சரிக்கப்பட்டார்கள். பகிடி சொன்னதற்கா இத்தனை தண்டனை என்று கேட்கத் தோன்றும். முகவரகம் அவ்வாறு பார்க்கவில்லை. காவல் உள்ள முறைமைக்குள்ளே, காவலாளருக்குத் தெரியாமல் ஓர் அறை கட்டுவதும், அதனை மறைக்கப் பாடுபடுவதுமே அங்கே குற்றம். அந்த வாதத்திலே நியாயம் இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால், அதே முகவரகத்திலே அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாக நடந்த இன்னொரு காரியத்தை இதனோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் தராசு சாய்வது தெரிகிறது.

வேலியே பயிரை மேய்ந்தது

ஜோன் டொயிச் என்பவர் 1938இலே பெல்ஜியத்தின் பிரசெல்ஸ் நகரிலே பிறந்து, சிறு பிள்ளையாக அமெரிக்கா வந்தவர். இரசாயனப் பேராசிரியர், மசாச்சுசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்தின் உயர்பதவி வகித்தவர், பாதுகாப்பு அமைச்சிலே இரண்டாவது இடத்தில் இருந்தவர். 1995ஆம் ஆண்டு மே மாதம் மத்திய புலனாய்வு முகவரகத்தின் தலைவரானார். ஓயாத உழைப்பாளி. இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வீட்டிலிருந்தே வேலைசெய்தார். அவருடைய மேரிலாந்து வீட்டிலும் மசாச்சுசெட்ஸ் வீட்டிலும் அரசாங்கம் மக்கின்தொஷ் கணனிகளை வைத்துக் கொடுத்தது. இரகசியமல்லாத வேலைக்கு மாத்திரம் என்பதே அவற்றின் நிபந்தனை.

1996ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே செனற் சபைக் குழுவொன்றின் முன்னே தோன்றி, கணனிகளின் வழியாகப் பகைவர் தாக்கக்கூடிய அபாயத்தைப் பற்றி அவர் எச்சரித்தார். அபாயத்தை அறியாதவர் அவர் என்று ஒருவரும் சொல்ல முடியாது. அந்த மாதங்களிலேதான் அவருடைய வீட்டுக் கணனிகள் சாதாரண தொலைபேசிக் கம்பியின் வழியாக இணையத்தோடு தொடுக்கப்பட்டிருந்தன. அவற்றிலேயே அவர் தமது நாட்குறிப்பையும் அரசாங்க அறிக்கைகளையும் எழுதி வைத்தார். ஜனாதிபதிக்கு எழுதிய குறிப்புக்களும் அவற்றுள் அடங்கும். குடும்பத்தவரும் அதே கணனியைப் பயன்படுத்தினர்.

1996 டிசம்பர் நடுப்பகுதியிலே அவர் பதவியை விட்டார். அரசாங்கக் கணனிகளைத் தம்மிடமே வைத்துக்கொள்ள விரும்பினார். அதன் பொருட்டு அவற்றைப் பார்வையிடுவதற்கு 17ஆம் திகதி முகவரகத்தின் கணனி நிபுணர் ஒருவர் மேரிலாந்து வீட்டுக்குச் சென்றார். சாதாரணமான ஒரு கணக்கெடுப்பு வேலை. கணனியைத் திறந்தவர் அதனுள்ளே கண்டது இரகசியக் கோப்புக்களை. அடுத்து வந்த நாட்களிலே டொயிச் ஆயிரத்துக்கு மேற்பட்ட கோப்புக்களை அழிக்க முயன்றார் என்று பின்னர் விசாரணையாளர் கண்டனர். மடியிலே கனமிருந்தால் வழியிலே பயம் என்பார்கள். கணனியிலே அழித்தது அழிந்துபோவதில்லை என்பது அவருக்குத் தெரியாததன்று; ஆனாலும் முயன்றார்.

நிபுணர் தாம் கண்டதைத் தயங்காது மேலிடத்துக்குச் சொன்னார். அவருடைய பெயர் எங்கும் பெரிதாகப் பேசப்படவில்லை; இந்தக் கதையிலே கடமையைத் தாமதமின்றிச் செய்தவர் என்று நாம் கருதுவது அவரையே. அதன்பின் எல்லாம் மெதுவாயிற்று. நீதித் திணைக்களத்துக்கு விஷயம் முறையாக அறிவிக்கப்பட்டது 1998ஆம் ஆண்டிலே. வழக்குத் தொடுப்பதில்லை என்று சட்டமா அதிபர் ஜனெற் ரீனோ 1999 ஏப்ரலிலே தீர்மானித்தார். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலேதான், டொயிச்சின் பின் தலைவரான ஜோர்ஜ் டெனற் அவருடைய அனுமதியை நிறுத்தி வைத்தார். கண்டுபிடித்த நாளிலிருந்து இரண்டு வருடமும் எட்டு மாதமும் சென்றிருந்தன. அரட்டைக்காரர் விஷயம் வெளிவந்த ஆண்டிலேயே முடிந்துவிட்டதை வாசகர்கள் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

2000 பெப்ரவரியிலே முகவரகத்தின் பொதுப் பரிசோதகர் அறிக்கை வெளியாயிற்று. பகைவர் எவரும் அந்தக் கணனிகளுக்குள் நுழைந்ததற்குச் சான்று இல்லை. நுழையவில்லை என்று உறுதிகூறவும் இயலாது என்பது அதன் முடிவு. முகவரகத்தின் மேலதிகாரிகள் விசாரணையை விரைந்து நடத்தவில்லை என்றும் அது குறை கூறிற்று. டொயிச் செனற் குழுவிடம் தம் செயலுக்கு வருத்தந் தெரிவித்தார். 2001 ஜனவரியிலே, சிறிய குற்றமொன்றை ஒப்புக்கொள்வதற்கு அவர் நீதித் திணைக்களத்தோடு உடன்படிக்கை செய்தார். ஆனால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகுமுன்னரே, 20ஆம் திகதி, பதவியில் தமது கடைசி நாளிலே ஜனாதிபதி கிளின்டன் மன்னிப்பளித்த நூற்றுநாற்பது பேருள்ளே அவரும் ஒருவரானார். டொயிச் தமது பல்கலைக்கழகத்திலே பேராசிரியராகவே தொடர்ந்து விளங்கினார்.

லொஸ் அலாமொஸிலே

அதே காலத்திலே நியூ மெக்சிக்கோ மாநிலத்திலே வேறொருவரின் கதை நடந்துகொண்டிருந்தது. வென் ஹோ லீ என்பவர் 1939இலே தாய்வானிலே பிறந்தவர். படிப்பதற்காக அமெரிக்கா சென்று அந்நாட்டுப் பிரசையானவர். 1978 முதல் லொஸ் அலாமொஸ் ஆய்வுகூடத்திலே வேலை. அணுவாயுதம் வெடிக்கும்போது நிகழ்வனவற்றைக் கணனியிலே கணித்துப் பார்க்கும் நிரல்களை எழுதுவது அவருடைய தொழில்.

அவர் செய்ததையும் மறைக்காமற் சொல்லவேண்டும். 1990களிலே அவர் பெருந்தொகையான கோப்புக்களைப் பாதுகாக்கப்பட்ட கணனிப் பகுதியிலிருந்து சாதாரண பகுதிக்கு மாற்றினார். அவற்றைக் காந்த நாடாக்களிலும் பிரதி செய்துகொண்டார். கணனி பழுதானால் தமது உழைப்பு வீணாகிவிடும் என்று அஞ்சியே அவ்வாறு செய்ததாக அவர் கூறினார். விதிக்கு அது முற்றிலும் மாறானது. விசாரணை நெருங்கியபோது அவரும் கோப்புக்களை அழிக்கலானார். டொயிச்சும் லீயும் இந்த ஒரு விஷயத்திலே ஒத்தவர்கள்.

அதற்குப் பின்னே இருவருக்கும் ஒற்றுமை இல்லை. சீனாவுக்கு அணுவாயுத இரகசியம் போய்விட்டதென்ற கூக்குரல் அப்போது நாடெங்கும் எழுந்திருந்தது. லீ சீன வமிசத்தவர். அவருடைய அனுமதி நிறுத்தப்பட்டது; 1999 மார்ச்சிலே வேலையினின்று நீக்கப்பட்டார்; பெயர் பத்திரிகைகளிலே அடிபட்டது. டிசம்பர் 10ஆம் திகதி ஐம்பத்தொன்பது குற்றச்சாட்டுக்களோடு சிறையிலடைக்கப்பட்டார். அவற்றுட் பல ஆயுட்சிறைக்கு உரியன. ஒற்றுவேலை செய்ததாகவோ, அவற்றுள் ஒரு கடதாசியைத்தானும் பிறநாட்டாரிடம் கொடுத்ததாகவோ ஒரு குற்றச்சாட்டேனும் இல்லை. ஆயினும் 278 நாட்கள் பிணையின்றித் தனிமைச் சிறையிலே வைக்கப்பட்டார். வெளியே நடமாடவிட்டபோதும் காலிலே விலங்கு. மனைவி மக்களைக் காண்பதற்கு வாரத்திலே ஒரு மணித்தியாலம்.

அவர் சிறையிலிருந்த காலத்திலேதான் டொயிச்சைப் பற்றிய அறிக்கை வெளிவந்தது. ‘தலைவருக்கு ஒரு நீதி, ஊழியருக்கு ஒரு நீதியா?’ என்ற கேள்வி எழாமல் இருக்குமா? லீயின் வழக்கறிஞர்கள் கேட்டார்கள். ஆசிய வமிசத்து விஞ்ஞானிகள் கேட்டார்கள். வேறுபாடுகள் உண்டு என்பது அரசாங்கத் தரப்பு. அணுவாயுத நிரல் வேறு, நாட்குறிப்பு வேறு என்று வாதிக்கலாந்தான். ஆனால், லீ பிரதிசெய்த கோப்புக்கள் அவர் பிரதிசெய்தபோது இரகசியம் என்ற முத்திரை பெற்றிருக்கவில்லை என்பதும், அம்முத்திரை பின்னரே இடப்பட்டது என்பதும் வழக்கிலே வெளியாயின. பிணை மறுக்கப்படுவதற்குக் காரணமாயிருந்த சாட்சியத்திலே பிழை இருந்ததை 2000 ஓகஸ்டிலே புலனாய்வு உத்தியோகத்தர் ஒருவர் தாமே ஒப்புக்கொண்டார். வழக்கு அத்தோடு தளர்ந்தது.

2000 செப்ரெம்பர் 13ஆம் திகதி லீ ஒரேயொரு குற்றத்தை ஒப்புக்கொண்டார். மற்றைய ஐம்பத்தெட்டும் கைவிடப்பட்டன. அனுபவித்த சிறையே தண்டனையாயிற்று. நீதிபதி ஜேம்ஸ் பார்க்கர் அன்று செய்த காரியம் நீதிமன்றங்களிலே அருமையானது. தம்மை நியமித்த நாட்டின் நிருவாகம் நடந்துகொண்ட முறையைக் கடிந்து, நியாயமற்ற வகையிலே சிறைவைக்கப்பட்டதற்காக அந்தக் கைதியிடம் அவர் மன்னிப்புக் கேட்டார். வெளியே வந்த லீ, அடுத்த சில நாட்கள் மீன் பிடிக்கப் போவதாக நிருபர்களிடம் சொன்னார்.

அம்மாதத்திலேயே ‘நியூ யோர்க் ரைம்ஸ்’ பத்திரிகை, அவரைப் பற்றித் தான் எழுதியவற்றைத் தானே பரிசீலித்து ஒரு நீண்ட குறிப்பை வெளியிட்டது. தமது அந்தரங்கத் தகவல்களைப் பத்திரிகைகளுக்குக் கசியவிட்டதற்காக லீ தொடுத்த வழக்கு 2006ஆம் ஆண்டிலே சமரசமாயிற்று. அரசாங்கமும் ஐந்து செய்தி நிறுவனங்களும் சேர்ந்து பதினாறு இலட்சம் டொலருக்கு மேல் கொடுத்தன. லொஸ் அலாமொஸ் ஆய்வுகூடத்துக்கு அவர் மீண்டும் வேலைக்குச் செல்லவில்லை.